முள்ளெடுத்துக் கொடுத்த மீன்

குஞ்சு எழும்பி நிற்கவில்லை.

காலை ஏழு மணி இருக்கும். குசினி யன்னலால் வந்த வெயில் தராசுத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. வழக்கம்போலக் குஞ்சைத் துவாயோடு தூக்கி நிறை பார்த்தேன். முதல் நாளைவிட முப்பது கிராம் கூடுதல். எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. "கெட்டிக்காரன்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு மேசையில் இறக்கிவிட்டேன்.

அந்த வயதில் ஒரு பருந்துக் குஞ்சு காலூன்றத் தொடங்கியிருக்க வேண்டும். இது வயிற்றில் கிடந்தது. முன்னுக்கு வர உன்னியது. கால்கள் இரண்டும் உடம்புக்குக் கீழே வராமல் பக்கவாட்டில் வழுக்கிப் போயின. மறுபடி உன்னியது. மறுபடியும் வழுக்கியது.

மேசைதான் வழுக்குகிறதாக்கும் என்று நினைத்து ஒரு சாக்கை விரித்து அதில் விட்டேன். அதிலும் அதே கதை.

பிறகு வலது காலை விரலால் தடவிப் பார்த்தேன். நேராக இருக்க வேண்டிய எலும்பு வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. முப்பது வருடத்துக்கு மேலாகப் பச்சைப் பிள்ளைகளின் கை கால்களைத் தடவிப் பார்த்த விரல் இது. அந்த விரலை ஏமாற்ற முடியாது.

"இஞ்சை ஒருக்கா ஓடி வாங்கோ!" என்று கத்தினேன்.

முற்றத்தில் செவ்வரத்தைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்ற என் கணவர் வாளியோடு வந்தார். "என்ன, செத்துப் போச்சே?"

"உங்கட வாயில நல்லதே வராதே?"

மனிதக் குஞ்சுகளும் மற்றதும்

இந்தத் தொடரில் இதுவரை மனிதக் குஞ்சுகளைப் பற்றித்தான் எழுதி வந்தேன். வெருகலுக்கு இடமாற்றம் வந்தபோது ஆற்றைக் கடக்கப் பயந்து அழுதது, வள்ளத்திலேயே ஒரு தாய்க்குப் பிள்ளைப்பேறு பார்த்தது, மரக்கிளையில் தராசைக் கட்டிப் பிள்ளைகளை நிறுத்தது எல்லாம் வாசித்திருப்பீர்கள். குடும்பநல மருத்துவமாதாக வேலை செய்தவளிடம் வேறு என்ன கதை இருக்கும்?

போன மாதம் சாம்பல்தீவிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். "மிஸ், நீங்கள் பிராந்துக் குஞ்சு வளர்த்தனீங்களாம் என்று எங்கட பக்கத்திலையும் கதை அடிபட்டது. அதையும் எழுதுங்கோ." எங்கள் பக்கத்தில் பருந்தைப் பிராந்து என்றுதான் சொல்லுவோம். அந்தக் கடிதத்தை மடித்து அலுமாரி லாச்சிக்குள் வைத்துவிட்டேன். எழுத மனமில்லை. காரணம் வேறொன்றும் இல்லை, வெட்கம்.

இப்போது எழுதுகிறேன். வெட்கம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஐஸ் பெட்டியில் வந்தது

நசீரை எனக்கு அவருடைய மூத்த பிள்ளை பிறந்த காலத்திலிருந்து தெரியும். கிண்ணியாவில் வீடு, துறைமுகப் பக்கம் மீன் வள்ளங்களுக்கு ஐஸ் விற்கும் கடை. நாலு பிள்ளைகளுக்கும் நான்தான் மருத்துவமாது. அந்த உரிமையில் ஒரு மத்தியானம் ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் மீன் வைக்கிற ஸ்டைரோஃபோம் பெட்டி. மீன்தான் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்துச் சட்டி எடுக்கப் போனேன்.

"சட்டி வேணாம் மிஸ். இதைப் பாருங்க, உசிரோட இரிக்கி."

உள்ளே ஒரு செம்பருந்துக் குஞ்சு. வெள்ளையும் பழுப்புமாகப் பஞ்சு, அந்தப் பஞ்சுக்குள்ளிருந்து குச்சி குச்சியாக முளைக்கிற இறகு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய சொண்டு. எங்களைக் கண்டதும் வாயைத் திறந்தது. வாய்க்குள் நல்ல சிவப்பு.

கடைக்குப் பின்னால் நின்ற பழைய வாகை மரம் காற்றில் முறிந்து மின்கம்பியில் விழுந்ததாம். தாய்ப் பருந்து கம்பியில் அடிபட்டுச் செத்துக் கிடந்தது. கூட்டில் இரண்டு குஞ்சு, ஒன்று விழுந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. தகப்பன் பருந்து ஒரு நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டுப் போனது, திரும்பி வரவில்லை.

"வேற மரத்தில கூடு மாதிரி ஒண்டு கட்டி வைக்க ஏலாதே?" என்று கேட்டேன்.

"கூடையில வச்சுக் கட்டித்தான் பார்த்த மிஸ். ரெண்டு நாள் பார்த்த. காகம்தான் வருது, தகப்பன் வரல்ல. நம்மட நாலு புள்ளையையும் நீங்கதானே பார்த்தீங்க. இதையும் பாருங்க."

"பிள்ளை வேற, பிராந்து வேற, நசீர்."

சொன்னேனே தவிர, பெட்டியை வாங்கக் கை ஏற்கனவே நீண்டுவிட்டது. இந்தக் கைக்கு அதுதான் வியாதி.

வனஜீவராசிகள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தோம். மறுநாளே ஓர் உத்தியோகத்தர் வந்து பார்த்தார், விபரம் எழுதினார். இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை, செல்லப் பிராணியாக வைத்திருக்க முடியாது, பறக்கும் வரை மட்டும் வைத்திருங்கள், மிருக வைத்தியர் ஒருவரை அனுப்புகிறோம் என்றார். மிருக வைத்தியருக்கு வர இரண்டு கிழமை ஆகும் என்றும் சொன்னார். அந்த இரண்டு கிழமைக்குள்தான் நான் என் கெட்டித்தனம் முழுவதையும் காட்டி முடித்தேன்.

கருடனும் கருவாடும்

பக்கத்து வீட்டுப் புஷ்பத்துக்கு எப்படித்தான் மணத்ததோ தெரியாது. குஞ்சு வந்த அன்று பின்னேரமே ஒரு செம்பில் பாலும் குங்குமமும் கொண்டு வந்து நின்றாள். பெட்டியைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"கருட பகவான் உங்கட குசினியில எழுந்தருளி இருக்கிறார். நீங்கள் என்னடாவெண்டால் பக்கத்தில நிண்டு கருவாடு பொரிக்கிறீங்கள்!"

"பகவானுக்குக் கருவாட்டு மணம் நல்லாப் பிடிக்கும். நீ பாலைக் கொண்டுபோய்த் தேத்தண்ணி போட்டுக் குடி."

அவள் கோபித்துக்கொண்டு போனாள். குஞ்சுக்குப் பால் பருக்குவதைத் தடுக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. அது மட்டும்தான் இருந்தது.

நாய்க்குப் பயப்படாத கொக்கு

பறவை வளர்ப்பது எனக்கு அது முதல் முறையல்ல. அதற்கும் முன்பு ஒரு கொக்குக் குஞ்சு இருந்தது. மழையில் மரத்தடியில் கிடந்ததைத் தூக்கி வந்தேன். அது என் பின்னாலேயே திரியும். குசினிக்கு வரும், கிணற்றடிக்கு வரும், நான் கதிரையில் இருந்தால் காலடியில் நிற்கும். எங்கள் வீட்டு நாய் ஒரு கிழட்டுச் சோம்பேறி. அதன் முதுகில் ஏறி நிற்கும் கொக்கைப் படம் பிடிக்கவே ஆட்கள் வருவார்கள். எனக்குப் பெருமையோ பெருமை.

நன்றாகப் பறக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் றோட்டுக்குப் போனது. அங்கே ஒரு தெருநாய் படுத்திருந்தது. கொக்கு அதனிடம் நடந்தே போனது. பயப்பட வேண்டும் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நாய் என்றால் முதுகில் ஏறி நிற்கிற சாமான் என்றுதான் என் வீட்டில் அது படித்தது.

நான் ஓடிப் போனபோது வெள்ளைச் சிறகு மட்டும் றோட்டில் பறந்துகொண்டிருந்தது. அதைக் கொன்றது அந்த நாய் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல வருவதில்லை.

முள்

கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் வீடுகளில் பிள்ளையில் அன்பு என்றால் முள்ளெடுத்துக் கொடுப்பதுதான். பிள்ளைக்குச் சோறு தீத்தும்போது மீனை விரலுக்கு நடுவில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்து, ஒரு மயிர் அளவு முள்ளும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் வாயில் வைப்போம். பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் முடித்த பிறகும் சில தாய்மாருக்கு அந்தப் பழக்கம் போகாது.

எனக்கு அது ஒரு சுற்றுக் கூடுதல். என் மகளுக்கு இரண்டு வயதில் சூடை மீன் முள் தொண்டையில் குத்திவிட்டது. சோற்றுருண்டை விழுங்கவைத்தும் போகவில்லை, வாழைப்பழத்துக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்தத் தூரம் இன்றைக்கும் என் காலில் இருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முள்ளுக்கு மன்னிப்பில்லை.

ஆகவே பருந்துக் குஞ்சுக்கும் முள்ளெடுத்தேன். வெறும் விரலால் அல்ல, சின்ன இடுக்கிச் சாவணத்தால். சூடை, கும்பளா, பாரை எது வந்தாலும் தலையை வெட்டி, குடலை எறிந்து, நடுமுள்ளை உரித்து, சின்ன முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வெறும் தசையை மட்டும் பஞ்சுபோல ஊட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வேளை மீனுக்கு அரை மணித்தியாலம் இருப்பேன்.

என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வேலை செய்த காலம் முழுக்கப் பருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனப்பா, அதின்ர தாய் என்ன, முள்ளெடுத்தே குடுக்கிறது?"

"தாய்க்கு அனுபவம் இருக்கு. எனக்கு இது புதுசு. தொண்டையில குத்தினால் நீங்களே எடுப்பீங்கள்?"

"இல்லை, நான் சும்மா கேட்டனான்."

"சும்மா கேக்காதேங்கோ. உங்கட அலுவலைப் பாருங்கோ."

அவர் தன் அலுவலைப் பார்க்கப் போனார். நான் முள்ளெடுத்தேன். குஞ்சின் நிறை ஏறியது. கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கீறுவதுபோலக் கோடு கீறினேன். கோடு மேலே மேலே போனது. நிறை ஏறினால் பிள்ளை சுகம். முப்பது வருடமாக நான் அதைத்தானே ஊருக்குச் சொன்னேன்.

"என்ன குடுத்தனீங்கள்?"

குஞ்சு நிற்காத அன்றைக்கே மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்து அழாக்குறையாகச் சொன்னேன். அவர் வேறு வேலையை விட்டுவிட்டு மத்தியானமே வந்துவிட்டார். முப்பது வயதுகூட இராத பெண்பிள்ளை, தலைமயிரை இழுத்துக் கட்டி, கையில் ஒரு பை. வந்ததும் வராததுமாகக் குஞ்சைத் தூக்கி இரண்டு காலையும் தடவினார். பிறகு வலது காலை மறுபடி தடவினார். கெட்ட சந்தேகம் வந்தால் நானும் அப்படித்தான் இரண்டாம் தரம் தடவுவேன். அது நல்லதற்கில்லை என்று எனக்குத் தெரியும்.

"என்ன குடுத்தனீங்கள் அம்மா?"

"மீன்தான் டொக்டர். நல்ல மீன். விடியவே போய்ப் புதுசாப் பார்த்து வாங்கிறனான். ஒரு முள்ளும் இல்லாமல் எடுத்து..."

நிமிர்ந்து பார்த்தார். "முள்ளே குடுக்கேல்லையோ?"

"இல்லை."

"தலை?"

"இல்லை."

"அப்ப எலும்பு எங்கயிருந்து வரும் அம்மா, அதுக்கு?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பருந்துக் குஞ்சு ஒரு மாதத்துக்குள் கிடுகிடுவென்று வளருகிற சாதி, முள்ளும் எலும்பும் சேர்த்து விழுங்கித்தான் அதன் எலும்பு இறுகும், வெறும் தசையைக் கொடுத்தால் உடம்பு பாரமாகும், கால் மெழுகாகும் என்று விளங்கப்படுத்தினார். நிறை ஏற ஏற அந்தப் பாரமே காலை வளைத்திருக்கிறது. நான் கீறிய கோடு மேலே போனதன் பொருள் அதுதான்.

என்னை நினைத்துப் பாருங்கள். கர்ப்பிணித் தாய்மாரை வரிசையில் இருத்தி, "நெத்தலியை முள்ளோடை சப்பிச் சாப்பிடுங்கோ, அப்பதான் பிள்ளைக்கு எலும்பு வைக்கும்" என்று தொண்டை கிழியச் சொன்னவள். எனக்குத் தெரியாத விசயமா? தெரிந்த விசயத்தை என் குசினி மேசைக்குக் கொண்டு வரவில்லை. மண்டையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"நிமிருமோ டொக்டர்?"

"பார்ப்பம். முறியேல்லை, அது நல்லது. இரண்டு கிழமை தாறன். முள்ளோடை குடுங்கோ, வெயில் படட்டும், மருந்து தாறன். இரண்டு கிழமையில நிண்டால் ஒரு வழி இருக்கு."

"நிக்காட்டி?"

அவர் பையை மூடிக்கொண்டே சொன்னார். "நிக்க ஏலாத பிராந்து மீன் பிடிக்க ஏலாது அம்மா. காலம் முழுக்கப் பெட்டிக்குள்ள வைச்சிருக்கிறது அதுக்குப் பெரிய வதை. ஊசி போட்டு நித்திரையாக்கிறதுதான் நல்லது."

வாசல் வரை போனவர் திரும்பி, "இன்னொண்டு. அதோடை கதைக்காதேங்கோ. முகத்தைக் காட்டித் தீத்தாதேங்கோ. உங்களைத் தாய் எண்டு நினைச்சால் பிறகு ஆரைக் கண்டாலும் கிட்டப் போய் இருக்கும்" என்றார்.

எனக்குக் கொக்கு ஞாபகம் வந்தது. தலையாட்டினேன்.

ஒரு தாய் சொன்னது

அன்று இரண்டு வேளையும் எனக்குச் சோறு இறங்கவில்லை. டொக்டரிடம் "நல்ல மீன்" என்று நான் சொன்ன விதம் காதுக்குள் நின்றது. அதே குரலை எங்கோ கேட்டிருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு, சல்லிக் கிராமம் என்று நினைக்கிறேன், ஒரு இளம் தாய். பிள்ளையின் நிறை இரண்டு மாதமாக இறங்கிக்கொண்டே வந்தது. அவள் முலைப்பாலோடு யாரோ சொன்னதைக் கேட்டுச் சீனித் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பத்துப் பேருக்கு முன்னால் கிழி கிழியென்று கிழித்தேன். "பிள்ளையைப் பட்டினி போடுறியே!" என்றுகூடக் கேட்டேன். அவள் அழவில்லை. "எல்லாம் குடுத்தனான் மிஸ். ஒண்டும் குறை வைக்கேல்லை" என்று மட்டும் சொன்னாள். அடுத்த மாதம் அவள் நிறுக்க வரவில்லை. நானே வீடு தேடிப் போனேன். பிள்ளை தப்பிவிட்டது. ஆனால் அவள் என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இத்தனை வருடமாகத் தோன்றவே இல்லை. அந்த டொக்டர் பிள்ளை என்னைக் கிழித்திருந்தால் நான் மறுபடி தொலைபேசி எடுத்திருக்க மாட்டேன்.

பதினான்கு நாள்

பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் சட்டி பானையோடும் கதைக்கிறவள்.

பழைய மண்ணிறத் தலையணை உறையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டித் தலையில் மாட்டிக்கொண்டேன். குனிந்து, வாயை மூடிக்கொண்டு, நீளச் சாவணத்தால் மீன் துண்டை நீட்டுவேன். முதல் நாள் இவர் என்னைக் கண்டு தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டார்.

"வீட்டில பேய் இருக்கெண்டு புஷ்பம் ஊரெல்லாம் சொல்லப் போறாள்."

பதில் சொல்ல முடியாத கோபத்தில் கையால் போகச் சொல்லிக் காட்டினேன்.

ஒரு சட்டிக்குள் தேங்காய்த் தும்பை அடைத்து, நடுவில் குழி செய்து, கால் இரண்டும் உடம்புக்குக் கீழே வரும்படி குஞ்சை இருத்தினேன். அது விரிக்கப் பார்க்கும், தும்பு விடாது. சூடையைத் தலையோடு, முள்ளோடு, குடலோடு கத்தியால் கொத்தினேன். கடற்கரையில் கணவாய் ஓடு பொறுக்கி வந்து சுரண்டி, டொக்டரைக் கேட்டு, மருந்தோடு கொஞ்சம் தூவினேன். முதல் முள் துண்டை அது விழுங்கியபோது என் தொண்டையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். குஞ்சுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த துண்டுக்கு வாயைத் திறந்தது.

காலை வெயிலில் முற்றத்தில் வைத்தால் காகம் வரும். தடியோடு நான் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் குஞ்சு தலையைச் சரித்துக் கேட்கும். நான் காலைப் பார்ப்பேன். ஒவ்வொரு மணித்தியாலமும் பார்ப்பேன். நேற்றைவிட நிமிர்ந்திருக்கிறது என்று ஒரு தரம் தோன்றும். அடுத்த தரம் பார்த்தால் இன்னும் வளைந்ததுபோல இருக்கும். டொக்டரின் பைக்குள் இருக்கிற அந்த ஊசிதான் கண்ணுக்குள் நிற்கும்.

நாலாம் நாள் மீன் கொத்தும்போது இவரிடம் சொன்னேன். "முள்ளைப் பற்றி நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரி."

"என்ன? கேக்கேல்லை."

"கேட்டது காணும்."

அவர் சிரிக்கவில்லை. கத்தியை என் கையிலிருந்து வாங்கி மிச்ச மீனை அவரே கொத்தினார்.

எட்டாம் நாள் தும்புக் குழிக்குள் அரைவாசி எழும்பியது. பத்தாம் நாள் விழுந்தது, அன்று முழுவதும் எழும்பவில்லை. நான் கோணேசருக்கு நேர்த்தி வைத்தேன். நசீரிடம் சொன்னபோது அவர் தன் பங்குக்குத் துஆக் கேட்டதாகச் சொன்னார். பன்னிரண்டாம் நாள் காலை நான் உறையை மாட்டிக்கொண்டு போனேன். குஞ்சு சட்டியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது.

கத்தக்கூட முடியாது. உறைக்குள்ளேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

டொக்டர் வந்து பார்த்தார். இடது கால் நேராகிவிட்டது. வலது கால் நிற்கும், ஆனால் ஒரு வளைவு நிரந்தரம். அந்தப் பாதத்தின் பிடியும் குறைவு. "ஒரு காலால சமாளிக்கிற பிராந்தும் இருக்கு. சமாளிக்காததும் இருக்கு. விட்டுத்தான் பார்க்க வேணும்" என்றார். ஊசியை எடுக்கவில்லை. ஆனால் எடுக்கத் தேவையில்லை என்றும் சொல்லவில்லை.

ஐஸ் கடைக் கூரை

இறகு முழுக்க முளைத்துச் சிறகடிக்கத் தொடங்கியதும், நசீரின் ஐஸ் கடைக் கொங்கிறீட் கூரையில் கம்பிக் கூடு ஒன்று வைத்தோம். அங்கிருந்து பார்த்தால் வள்ளங்கள், மீன் கழுவுகிற இடம், வானம் நிறையப் பருந்து. ஒரு கிழமை அவற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தது. பிறகு கதவைத் திறந்தோம். ஒரு நாள் முழுக்க வெளியே வரவில்லை. அடுத்த நாள் கூரை விளிம்புக்கு வந்தது. அதற்கு அடுத்த நாள் கூட்டில் இல்லை.

யாரும் காணாமல் கூரையில் மீன் வைப்போம். அது வந்து எடுக்கும். நாளாக நாளாகக் குறைத்தோம். பிறகு டொக்டர் சொன்னார், "இனிப் போதும். வைச்சுக்கொண்டிருந்தால் பிடிக்கப் பழகாது."

நிறுத்தினோம். முதல் நாள் அது கூரையைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. இரண்டாம் நாளும் கத்தியது. ஒன்றும் சாப்பிட்டதாக யாரும் காணவில்லை. மூன்றாம் நாள் காலை நான் துறைக்குப் போய் ஒரு வள்ளத்துக்குப் பின்னால் மறைந்து நின்றேன். கையில் ஒரு பை. பைக்குள் ஐந்து சூடை.

வள்ளக்காரர் மீன் கழுவிக் கழிவைத் தண்ணீரில் வீசிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பருந்துகள் மேலே. அதற்குள் மண்ணிற இளம் பருந்து ஒன்று. மற்றவை காலை வயிற்றோடு மடக்கிப் பறக்க, அதற்கு மட்டும் வலது கால் கொஞ்சம் தொங்கியது. தேடவே தேவைப்படவில்லை.

இறங்கியது. தண்ணீரைத் தொட்டது. வெறுங்காலோடு ஏறியது. மறுபடி இறங்கியது. வலது காலால் பிடித்ததை நாலடி உயரத்தில் நழுவவிட்டது, அதை ஒரு பெரிய பருந்து கொத்திக்கொண்டு போனது. மூன்றாம் முறை தண்ணீரில் சிறகு நனைந்து, தடுமாறி, என் தலைக்கு மேலாகவே போய் ஒரு கம்பத்தில் குந்தி இளைத்தது.

நசீர் பக்கத்தில் வந்து நின்றார். "ஒண்டு போடுங்க மிஸ். பாவம், கால் ஏலாதது."

"போட மாட்டன்."

"அப்ப எதுக்கு மிஸ் பை?"

கை பைக்குள் போய்விட்டது. மீன் குளிராக விரலில் பட்டது. எறிந்தால் வரும். பதினைந்து அடிதான். இன்றைக்குப் பசி தீரும். நாளைக்கு அது மீன் வைத்திருக்கிற எந்தக் கையையும் தேடிப் போகும். எல்லாக் கையும் என் கையாக இராது. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் ஒரு சூடையை வெளியே எடுத்துவிட்டேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

அது கம்பத்திலிருந்து குதித்தது. என் பக்கம் வரவில்லை. தண்ணீர்ப் பக்கம் சரிந்து, இடது காலை மட்டும் முன்னால் நீட்டி இறங்கியது.

"புடிச்சிட்டுது! அல்லாஹ், புடிச்சிட்டுது மிஸ்!" என்று நசீர் சிறு பிள்ளைபோலக் குதித்தார்.

ஒற்றைக் காலில் மீன் துடிக்க, மற்றக் கால் சும்மா தொங்க, அது உள்துறைமுகத்துக்கு மேலாகப் போனது. கையிலிருந்த சூடையைப் பைக்குள் போட்டுவிட்டு அந்த வள்ளத்தின் விளிம்பிலேயே இருந்துவிட்டேன்.

இப்போதும் காலையில் துறைக்குப் போகிறேன். நல்லாய்க் காலை மடக்கிப் பறக்கிற பருந்துகளை நான் பார்ப்பதே இல்லை. தொங்குகிற ஒரு காலைத்தான் தேடுகிறேன். நான் செய்த பிழை அந்த வானத்தில் பறந்து திரிகிறது. அதைக் காணாத நாளில் எனக்கு வேலை ஓடுவதில்லை.

நேற்றும் முந்தநாளும் காணவில்லை. இன்று காலை கண்டேன்.